பனிக்காலத்தில் வீட்டு இன்ஷூரன்ஸ்: எந்தத் தண்ணீருக்குப் பணம் வரும், எதற்கு வராது

மினசோட்டாவில் நாங்கள் வீடு வாங்கி மூன்றாவது குளிர்காலம். பிப்ரவரியில் நண்பர் வீட்டு மாடியில் குழாய் உறைந்து வெடித்து, கீழ்த்தளத்துச் சீலிங் ஊறி இடிந்து விழுந்தது. மார்ச்சில் பனி உருகிய வாரம், ராத்திரி மின்சாரம் போனதில் எங்கள் பேஸ்மென்டின் சம்ப் பம்ப் (தரைக்கடியில் சம்ப் என்ற குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) நின்றுவிட்டது. விடிவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் ஒரே வகைப் பாலிசி, பிரீமியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவருக்குச் சீலிங், கார்ப்பெட், குடும்பம் தங்கிய ஹோட்டல் செலவு வரை வந்தது. எங்களுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. சம்ப்பிலிருந்து பொங்கும் தண்ணீருக்கு இந்தப் பாலிசி பொறுப்பல்ல என்று, பக்க எண்ணோடு ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரி முதல் நாளிலிருந்தே எங்கள் பாலிசியில் இருந்திருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

அந்த வசந்த காலத்தில் பாலிசியை வரி வரியாகப் படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். குளிர்காலச் சேதம் பெரும்பாலும் தண்ணீர்ச் சேதம். எவ்வளவு நஷ்டம் என்பதை இன்ஷூரன்ஸ் பிறகுதான் பார்க்கும். தண்ணீர் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதனால் இந்த வழிகாட்டியும் தண்ணீர் வரும் வழிகளைப் பின்தொடர்ந்தே போகும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் சொந்த வீட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம், நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். உங்கள் கையில் இருக்கும் தாள் சொல்வதே கடைசி வார்த்தை.

படி 1: முழுப் பாலிசியையும் வரவழையுங்கள்

பலரிடம் இருப்பது டிக்ளரேஷன்ஸ் பக்கம் மட்டும்தான். எந்தப் பகுதிக்கு எவ்வளவு வரம்பு, டிடக்டிபிள் (சேதத்தில் நம் கையிலிருந்து போகும் தொகை) எவ்வளவு என்பது அதில் இருக்கும். எதற்குப் பணம் கிடையாது என்பது முழு ஆவணத்தில்தான் இருக்கும். ஏஜென்டிடம் "எண்டார்ஸ்மென்ட்களோடு சேர்த்து முழுப் பாலிசியும் வேண்டும்" என்று கேளுங்கள். எண்டார்ஸ்மென்ட் என்றால் மூலப் பாலிசியோடு ஒட்டப்படும் திருத்தத் தாள். அது கூடுதல் பாதுகாப்பைத் தரவும் செய்யும், இருந்ததைப் பறிக்கவும் செய்யும். வருடாவருடம் புதுப்பிக்கும்போது வரும் கடிதங்களைப் பிரிக்காமல் போட்டு வைப்பது இதனால்தான் ஆபத்து.

தனி வீடுகளுக்கு மிகப் பரவலான படிவம் எச்.ஓ-3. இதில் ஒரு முக்கியமான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு, விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லாக் காரணங்களும் அடங்கும். வீட்டுக்குள் இருக்கும் சோபா, துணிமணி, டிவி போன்ற உடைமைகளுக்கோ, பெயர் சொல்லிப் பட்டியலிட்ட 16 காரணங்கள் மட்டும்தான். ஒரே தண்ணீர் சுவரையும் சோபாவையும் நனைத்தால், சுவருக்குப் பணம் வந்து சோபாவுக்கு வராமல் போகலாம். இதை மறக்காதீர்கள், கூரைக்கு வரும்போது தேவைப்படும்.

டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் எல்லோருக்கும் பொதுவாக எடுத்திருக்கும் மாஸ்டர் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். அது எங்கே முடிகிறதோ அங்கேதான் உங்கள் பாலிசி தொடங்க வேண்டும். மாஸ்டர் பாலிசியின் டிடக்டிபிளை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பிரித்துப் போடும் நிலை வந்தால் அதற்கு 'லாஸ் அசெஸ்மென்ட்' என்ற பகுதி இருக்கிறது. பல பாலிசிகளில் அதன் அடிப்படை வரம்பு 1,000 டாலர்தான்.

படி 2: குழாய், அதிலும் ஊரில் இல்லாத நாட்கள்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் குழாய் பெரும்பாலும் உறைந்த இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி அடைத்த இடத்துக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, அங்கேதான் பிளக்கிறது. கடும் குளிரில் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்கச் சொல்வது இந்த அழுத்தத்தை விடுவிக்கத்தான். வெளிச்சுவரை ஒட்டிய, சரியாக மூடப்படாத குழாய்களுக்கு வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது.

இப்படி வெடித்த குழாயிலிருந்து பாய்ந்த தண்ணீருக்குப் பொதுவாகப் பணம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: வீட்டைச் சூடாக வைத்திருக்க நீங்கள் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வரத்தை மூடி, குழாய்களில் இருப்பதை வடித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். வீட்டில் தானியங்கித் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் இருந்தால் மட்டும் கதை வேறு: அதன் தண்ணீரை நிறுத்தக்கூடாது, சூடும் இருக்க வேண்டும்.

நம்மவர்களை இந்த நிபந்தனை அதிகம் பாதிக்கும். டிசம்பர், ஜனவரியில்தான் பிள்ளைகளின் விடுமுறையும் ஊர்க் கல்யாணங்களும் வருகின்றன. நான்கைந்து வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். கேஸ் பில்லை மிச்சப்படுத்த தெர்மோஸ்டாட்டை இறக்குகிறோம். 55 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்பதுதான் பரவலான அறிவுரை. கிளெய்ம் போட்டால் அட்ஜஸ்டர் (சேதத்தை ஆராய நிறுவனம் அனுப்பும் ஆள்) முதலில் கேட்பது தெர்மோஸ்டாட் எத்தனையில் இருந்தது, கேஸ் பில் எங்கே, இடையில் யார் வந்து பார்த்தார்கள் என்பவைதான். என் நண்பரைக் காப்பாற்றியது இரண்டே விஷயங்கள்: தெர்மோஸ்டாட் செயலியில் பதிவாகியிருந்த வெப்பநிலை வரலாறு, வாரம் இருமுறை வந்து போன பக்கத்து வீட்டுக்காரரின் வாட்ஸாப் படங்கள்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். கிளம்பும் அன்று மெயின் வால்வை மூடுகிறேன். மாடியிலும் கீழேயும் எல்லாக் குழாய்களையும் திறந்து வடிய விடுகிறேன். தெர்மோஸ்டாட்டை 60-ல் வைத்து, அதையும் மூடிய வால்வையும் தேதியோடு படம் எடுக்கிறேன். ஒருவரிடம் சாவி கொடுத்து, வந்து போகும் நாளெல்லாம் ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். மொத்தம் அரை மணி நேர வேலை.

'ஆளில்லாத வீடு' என்பதற்குப் பாலிசியில் இரண்டு பொருள் உண்டு. சாமான்கள் எல்லாம் இருந்து, ஆட்கள் மட்டும் வெளியூர் போயிருப்பது ஒன்று. சாமான்களே இல்லாமல் காலியாகக் கிடப்பது இன்னொன்று. நிலையான எச்.ஓ-3-ல், வீடு 60 நாட்களுக்கு மேல் தொடர்ந்து காலியாக இருந்தால் வேண்டுமென்றே செய்யப்படும் நாசவேலைச் சேதத்துக்குப் பணம் இல்லை. ஊருக்குப் போய் வருவது இதில் சேராது. ஆனால் வேலை மாறி வேறு மாநிலம் போய்விட்டு, பழைய வீட்டை விற்காமலோ வாடகைக்கு விட்டோ வைத்திருந்தால் கதையே வேறு. இந்தப் பாலிசி நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கானது. குடி மாறிய அன்றே ஏஜென்டிடம் சொல்லி, காலி வீட்டுக்கோ வாடகைக்கு விட்ட வீட்டுக்கோ ஏற்ற பாலிசிக்கு மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வெடித்த குழாயையே சரிசெய்யும் செலவு பெரும்பாலும் நம்முடையது. அதை எட்டுவதற்குச் சுவரை உடைத்து மறுபடி கட்டும் செலவுதான் பாலிசியில் சேரும்.

படி 3: கூரை

கூரையில் பனி இரண்டு விதமாகச் சேதம் செய்யும்: எடையால், அல்லது ஐஸ் டாமால்.

எடை எளிது. பனியின் பாரத்தால் கூரை இடிந்தால் பணம் உண்டு, உள்ளே நசுங்கிய உடைமைகளுக்கும் உண்டு. ஒரு கணக்கை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பெய்த பனி 10 முதல் 12 அங்குலம் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 5 பவுண்டு. பழைய, இறுகிய பனி என்றால் 3 முதல் 5 அங்குலத்திலேயே அதே எடை வந்துவிடும். ஒரு அங்குல ஐஸும் அதே அளவுதான். ஒரு மாதப் பனி இறுகி, அதன்மேல் மழையும் பெய்தால், பார்ப்பதற்குக் கொஞ்சமாகத் தெரிவது மிகவும் கனமாகிவிடும். பனியின் எடையாலோ உறைந்து உருகுவதாலோ வேலி, பேடியோ, நடைபாதை, அடித்தளம், தடுப்புச்சுவர் விரிசல் விட்டால், அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மண் உறைந்து மேலெழும்பி டிரைவ்வேயைப் பிளந்தாலும் அப்படித்தான்.

ஐஸ் டாம்தான் சிக்கலானது. வீட்டுச் சூடு அட்டிக் வழியாக ஏறிக் கூரையின் மேற்பகுதிப் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் வழிந்து, சூடு எட்டாத விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறையும். அங்கே ஒரு கரை உருவாகும், அதுதான் ஐஸ் டாம். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து வீட்டுக்குள் இறங்கும். எச்.ஓ-3-ல் நனைந்த சீலிங், சுவர், இன்சுலேஷனுக்கு வழக்கமாகப் பணம் உண்டு. முதல் படியில் சொன்ன ஏற்றத்தாழ்வு இங்கேதான் கடிக்கும். உடைமைகளுக்கான 16 காரணங்களில் 'ஐஸ் டாம் கசிவு' என்று ஒன்று இல்லை. பனியின் எடை உண்டு, குழாய் உறைவது உண்டு, குழாயிலிருந்து திடீரெனக் கொட்டும் தண்ணீர் உண்டு. கூரை வழியாகக் கசிந்த உருகுநீர் இவற்றில் எதிலும் நேராகப் பொருந்தாது. ஆகவே சீலிங்குக்குக் காசோலை வரும், அதன் கீழே நனைந்த மெத்தைக்கும் மடிக்கணினிக்கும் வராமல் போகலாம். உடைமைகளுக்கும் விரிந்த பாதுகாப்பு தரும் எச்.ஓ-5 படிவமோ அதற்கு ஈடான எண்டார்ஸ்மென்டோ இருந்தால் இந்த ஓட்டை அடைபடும். பிரீமியம் கொஞ்சம் ஏறும். அட்டிக் இன்சுலேஷன் சரியில்லாத பழைய வீட்டுக்கு அது தகும் என்பது என் கருத்து.

ஐஸை வெட்டி எடுக்க ஆள் கூப்பிடும் செலவை வெறும் பராமரிப்பு என்றே பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும். ஐஸ் டாமுக்கென்று தனி வரம்போ தனி விலக்கோ உங்கள் எண்டார்ஸ்மென்ட்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த தடம் தெரிந்தால் கிளெய்ம் தடுமாறும். சீலிங்கில் சின்னதாக ஒரு மஞ்சள் வட்டம் வந்த உடனே கவனிப்பது இதற்காகவும்தான்.

படி 4: கீழிருந்து வரும் தண்ணீர்

நாங்கள் அடிபட்ட இடம் இது. வடக்கில் பலர் பணம் செலவழித்து பேஸ்மென்டை அறையாக்கி, டிவி, கார்ப்பெட், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று நிறைத்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பாலிசி மிகவும் பலவீனமாக இருக்கும் இடமும் அதுதான்.

மூன்று விதமான தண்ணீர், மூன்று விதமான பதில். சாக்கடை அல்லது டிரெயின் வழியாகப் பின்னோக்கி வருவதும், சம்ப்பிலிருந்து பொங்குவதும் அடிப்படைப் பாலிசியில் விலக்கு. 'வாட்டர் பேக்கப்' என்ற எண்டார்ஸ்மென்ட் வாங்கினால் சேரும். அதன் வரம்பு பெரும்பாலும் 5,000 டாலரில் தொடங்கும். முடித்துக் கட்டிய பேஸ்மென்டுக்கு அது காணாது. கார்ப்பெட், சுவர், ஃபர்னஸ், உள்ளே இருக்கும் சாமான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வரம்பைக் கேளுங்கள். "மின்சாரம் போய் பம்ப் நின்றால் அதுவும் இதில் அடங்குமா?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பனி உருகும் புயல் இரவில் மின்சாரம்தான் முதலில் போகும். பாட்டரியில் ஓடும் மாற்றுப் பம்ப் ஒன்றும் வைத்துக்கொண்டால் நல்லது.

இரண்டாவது, நிலத்தின் மேல் ஓடி வரும் உருகுநீர். முற்றத்தில் தேங்கிய பனி உருகி ஜன்னல் வழியாக உள்ளே வந்தாலும் பாலிசியின் மொழியில் அது மேற்பரப்பு நீர், வெள்ளத்தோடு சேர்ந்த விலக்கு. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும் உடைமைகளுக்கு 1,00,000 டாலரும் தருகிறது. ஆனால் பேஸ்மென்டில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், மின் பேனல் போன்றவற்றோடு அது நின்றுவிடும். அங்கே போட்ட கார்ப்பெட்டும் சோபாவும் சேராது. வெளியே தங்கும் செலவும் கிடையாது. அந்தத் திட்டத்தின் கணக்கில் வெள்ளம் என்றால், பொதுவாக இரண்டு ஏக்கர் அளவுக்கோ, உங்களுடையதோடு சேர்த்து இரண்டு சொத்துக்களுக்கோ தண்ணீர் சூழ்ந்திருக்க வேண்டும். உங்கள் முற்றத்தில் மட்டும் தேங்கியதற்கு அதிலும் இடமில்லை.

பாலிசி எடுத்த பிறகு பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். இதன் அருமை தெரிய வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைப் பார்த்தால் போதும். 1997-ல் கடுமையான பனிக்காலத்துக்குப் பின் ரெட் நதி பெருகியது. 49 அடி வரை ஏறும் என்று கணித்திருந்தார்கள், அதற்கேற்பக் கரைகளையும் உயர்த்தினார்கள். ஏப்ரலில் நதி 54 அடியைத் தாண்டியது. கிட்டத்தட்ட ஊரே காலியானது. வெள்ளம் வரப்போகிறது என்று மாதங்களுக்கு முன்பே தெரிந்தும், வெள்ளக் காப்பீடு எடுத்திருந்த வீடுகள் கொஞ்சம்தான். உங்கள் ஊரில் உருகும் காலம் மார்ச், ஏப்ரல் என்றால் ஜனவரியிலேயே முடிவெடுங்கள்.

மூன்றாவது, அடித்தளச் சுவர் வழியாக மெல்ல ஊறி வரும் நிலத்தடி நீர். இதற்கு எண்டார்ஸ்மென்ட் கிடைப்பது அரிது. கட்டரைச் சுத்தமாக வைப்பதும், டவுன்ஸ்பவுட்டை அடித்தளத்திலிருந்து தள்ளி நீட்டுவதும், வீட்டைச் சுற்றி மண்ணைச் சரிவாக்குவதும்தான் வழி.

படி 5: சூடும் மின்சாரமும் நின்றால்

ஃபர்னஸ் வயதாகி நின்றுபோனால் பாலிசி தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கு. அதனால் குழாய் உறைந்து வெடித்தால் அந்தத் தண்ணீர்ச் சேதத்தைப் பார்ப்பார்கள், ஃபர்னஸை அல்ல. 'எக்விப்மென்ட் பிரேக்டவுன்' எண்டார்ஸ்மென்ட் இதற்கென்றே இருக்கிறது, விலையும் குறைவு. தெருவிலிருந்து வீடு வரை மண்ணுக்கடியில் வரும் தண்ணீர்க் குழாய் பல ஊர்களில் வீட்டுக்காரரின் பொறுப்பு. அதற்கு 'சர்வீஸ் லைன்' எண்டார்ஸ்மென்ட்.

பலர் அறியாதது ஒன்று. ஊர் முழுக்க மின்சாரம் போய், வீடு குளிர்ந்து, பிள்ளைகளோடு மூன்று நாள் ஹோட்டலில் தங்கினால் அந்தச் செலவுக்குப் பொதுவாகப் பணம் வராது. வெளியே தங்கும் செலவு என்ற பகுதி, பாலிசிக்குள் அடங்கும் சேதத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால்தான் வேலை செய்யும். குளிர் மட்டும் சேதமாகாது.

விறகு அடுப்பு புதிதாக வைத்திருந்தால் ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள். தீப்பிடித்த பிறகுதான் அது அவர்களுக்குத் தெரிய வந்தது என்று ஆகக்கூடாது.

படி 6: வாசலில் வழுக்கி விழுந்தால்

தபால்காரரோ விருந்தாளியோ உங்கள் நடைபாதை ஐஸில் விழுந்தால் பொறுப்புக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். பல பாலிசிகளில் இது 1,00,000 டாலரில் தொடங்குகிறது. இடுப்பெலும்பு முறிவும் வேலை இழப்பும் சேர்ந்தால் அது போதாமல் போகலாம். 3,00,000-க்கு ஏற்றுவதற்கு ஆகும் கூடுதல் பிரீமியம் சிறியது. மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் சிறு பகுதியோ பெரும்பாலும் 1,000 முதல் 5,000 டாலர்தான்.

ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மா விழுந்தால்? இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். மருத்துவச் செலவுப் பகுதி, வீட்டிலேயே வசிப்பவர்களுக்குக் கிடையாது. உங்கள் வீட்டில் வசிக்கும் உறவினர் பாலிசியின் பார்வையில் காப்பீடு பெற்றவராகவே ஆகிவிடலாம். அப்படியானால் அவருடைய காயத்துக்குப் பொறுப்புக் காப்பீடும் பேசாது. ஆகவே அவர்களுக்கு வருகையாளர் மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுத்து வையுங்கள்.

படி 7: தொகை போதுமா

எச்.ஓ-3-ல் 80 சதவீத விதி ஒன்று இருக்கிறது. வீட்டை இன்றைய விலையில் மறுபடி கட்ட 5,00,000 டாலர் ஆகும் என்று வையுங்கள். அதில் 80 சதவீதம் 4,00,000. நீங்கள் 3,00,000-க்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். பனியில் கூரை இடிந்து 40,000 டாலர் சேதம். விதிப்படி நாலில் மூன்று பங்கு, அதாவது 30,000 தான் கணக்காகும் (தேய்மானம் கழித்த மதிப்பு அதைவிட அதிகமானால் அது). அதிலும் டிடக்டிபிள் போகும். வீடு முழுவதும் அழிந்தால் மட்டும்தான் இந்தக் குறை தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன கிளெய்மிலும் கைவைக்கும். சந்தை விலையையோ கடன் தொகையையோ பார்க்காமல், மறுகட்டுமானச் செலவைப் பாருங்கள்.

உடைமைகளுக்கு 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' (அதேபோல் புதிதாக வாங்கும் விலை) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் பத்து வருட சோபாவுக்குப் பத்து வருட சோபாவின் மதிப்புதான்.

படி 8: சேதம் நடந்த அன்று

முதலில் மெயின் வால்வை மூடுங்கள். மின் பேனலை எட்டத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அப்புறம் படமும் வீடியோவும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்படி. இந்தப் படம்தான் பிறகு உங்கள் கிளெய்முக்கு ஆதாரம். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசி சொல்கிறது, ஆகவே உறிஞ்சவும் காயவைக்கவும் உடனே ஆரம்பியுங்கள், ரசீதுகளை வையுங்கள். வெடித்த குழாய்த் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

நிறுவனத்தை அழைக்கும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "வெள்ளம் வந்துவிட்டது" என்று பதற்றத்தில் சொன்ன ஒரு சொல் கோப்பில் ஏறிவிடும், அது பாலிசியில் விலக்கான சொல். "பேஸ்மென்டில் தண்ணீர் நிற்கிறது, காரணம் பார்க்க வேண்டும்" என்றால் உண்மையும் அதுவே. டிடக்டிபிளை ஒட்டிய சிறு சேதத்துக்கு கிளெய்ம் போடுமுன் யோசியுங்கள்: கிளெய்ம் வரலாறு ஏழு வருடம் வரை மற்ற நிறுவனங்களும் பார்க்கும் பதிவில் இருக்கும். உங்கள் பதிவின் நகலை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

மறுத்தால், எந்தப் பக்கத்தின் எந்த வரியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்த வரியை நீங்களே படியுங்கள். பிளம்பரோ கூரைக்காரரோ தண்ணீரின் காரணத்தைப் பற்றித் தரும் அறிக்கையோடு மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எங்கள் கடிதத்தில் இருந்த வரி சரியாகத்தான் இருந்தது, அதனால் நாங்கள் புகார் கொடுக்கவில்லை. அந்த ஏப்ரலிலேயே 25,000 டாலர் வரம்பில் வாட்டர் பேக்கப் எண்டார்ஸ்மென்ட் வாங்கினோம்.